மலச்சிக்கலுக்கு உலர் பிளம்ஸ்: ஊறவைப்பது முதல் அளவைக் கூட்டுவது வரை

வயிறு சரியில்லை என்று வாய்திறந்தால் போதும், "நிறையப் பழம் சாப்பிடு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எந்தப் பழம், எவ்வளவு, எந்தக் கோளாறுக்கு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. மலச்சிக்கலோடு நெடுநாள் மல்லுக்கட்டி, கடைசியில் உலர் பிளம்ஸில் வந்து நிலைத்தவன் நான். மருத்துவன் இல்லை. எனக்குக் கைகொடுத்த முறையையும், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களையும் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: என்ன கோளாறு என்று முதலில் பாருங்கள்

செரிமானக் கோளாறு என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நெஞ்செரிச்சல் வேறு, உப்புசம் வேறு, வயிற்றுப்போக்கு வேறு, மலச்சிக்கல் வேறு. இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறினால் நெஞ்செரிச்சல்; அதற்குப் பழம் மருந்து இல்லை, புளிப்பான பழங்கள் சிலருக்கு எரிச்சலைக் கூட்டவும் செய்யும். வயிற்றுப்போக்கின்போது தேவைப்படுவது உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல். அந்த நேரத்தில் உலர் பிளம்ஸ் சாப்பிடுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். எனவே இந்தக் கட்டுரை மலச்சிக்கலுக்கு மட்டும்.

சரி, மலச்சிக்கல்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? தினமும் போகாவிட்டாலே மலச்சிக்கல் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நாளுக்கு மூன்று முறை போவதும், வாரத்துக்கு மூன்று முறை போவதும், சிரமமில்லாமல் இருந்தால் இயல்புதான். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவு, முக்கி முக்கிப் போக வேண்டியிருப்பது, போன பிறகும் முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, இவைதான் அடையாளம்.

இதைவிட நல்ல அளவுகோல் பிரிஸ்டல் அட்டவணை. லூயிஸ், ஹீட்டன் என்ற இருவர் 1997-இல் வெளியிட்டது. மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகை, கொட்டை கொட்டையாகத் தனித்தனி உருண்டைகள். இரண்டாவது, அந்த உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்த முண்டும் முடிச்சுமான கட்டி. இந்த இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் நாம் போய்ச்சேர வேண்டிய இடம். ஆறும் ஏழும் வயிற்றுப்போக்கு. ஒரு சின்ன நோட்டில் தேதி, வகை எண், அன்று சாப்பிட்ட பழங்களின் எண்ணிக்கை, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். இதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. இரண்டொன்றை நிறுவிப் பார்த்தேன், எல்லாமே தேவைக்கு மேல் கேள்வி கேட்கின்றன. குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பென்சிலும் நோட்டும் தொங்கினால் போதும்.

படி 2: இவர்கள் பழத்தை விட்டு மருத்துவரிடம் போகவும்

மலத்தில் ரத்தம். காரணமில்லாமல் எடை குறைவது. ரத்தசோகை. ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப்பழக்கம். குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய். கடும் வயிற்றுவலியோடு வாந்தி, காற்றுகூடப் பிரியாத நிலை என்றால் அது அவசர சிகிச்சைக்கு உரியது, நாளை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

சிறுநீரக நோய் உள்ளவர்களும் நிற்கவும். உலர் பிளம்ஸில் பொட்டாசியம் அதிகம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதிலுள்ள வைட்டமின் கே-வை மனத்தில் வைத்து, மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கலாம்.

படி 3: ஏன் இந்தப் பழம்

நார்ச்சத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 100 கிராமில் ஏறக்குறைய 7 கிராம் நார் இருக்கிறது, உண்மைதான். ஆனால் உலர் பிளம்ஸின் பலம் அதில் மட்டும் இல்லை. சர்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 15 கிராம் இதில் உண்டு. சிறுகுடலால் இதை முழுதாக உறிஞ்ச முடியாது. மிஞ்சியது பெருங்குடலுக்குப் போகும்போது தண்ணீரையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது, மலம் இளகுகிறது. நார் அளவைக் கூட்டுகிறது, சர்பிட்டால் ஈரத்தைக் காக்கிறது, இரண்டும் ஒரே பழத்தில்.

2011-இல் வெளியான ஓர் ஆய்வில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 40 பேருக்கு மூன்று வாரம் உலர் பிளம்ஸும் மூன்று வாரம், மலச்சிக்கலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நார்ப்பொடியான இசப்கோல் உமியும் கொடுத்துப் பார்த்தார்கள். பழம் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 50 கிராம். மலம் கழித்த எண்ணிக்கையிலும் இளக்கத்திலும் பழமே முந்தியது. 40 பேர் என்பது சின்னக் கூட்டம், அதனால் இதைப் பெரிய வெற்றி என்று கொடி பிடிக்க மாட்டேன். ஆனாலும் இசப்கோலோடு நேருக்கு நேர் நின்று ஜெயித்த பழம் என்பதால் இதில் தொடங்குவது நியாயம்.

படி 4: வாங்குவதும் ஊறவைப்பதும்

ப்ரூன்ஸ் என்ற பெயரில் விற்பார்கள். கொட்டை நீக்கியதை வாங்குங்கள். பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள்: சர்க்கரை என்றோ சர்க்கரைப் பாகு என்றோ சேர்மானத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஜூஸ் வேண்டாம். வடிகட்டிய ஜூஸில் நார் பெரும்பாலும் போய்விடுகிறது, சர்பிட்டாலும் பாதிக்கும் குறைவு. மெல்ல முடியாதவர்களுக்கு மட்டும் அது மாற்று வழி. மிக்ஸியில் அடித்து ஸ்மூத்தி செய்வதும் எனக்குப் பிடிக்காது. அடித்துவிட்டால் எத்தனை பழம் உள்ளே போனது என்ற கணக்கே தெரியாது, இந்த முறை முழுக்க முழுக்கக் கணக்கில் நிற்பது.

இரவில் பழங்களைக் கழுவி, கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும் அளவுக்கு மேல் இரண்டு விரல் உயரம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். காலையில் பார்த்தால் சுருக்கங்கள் விரிந்து பழம் உப்பியிருக்கும், அழுத்தினால் தோல் விரலில் வழுக்கிக்கொண்டு நகரும், தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சர்பிட்டால் தண்ணீரில் கரையக்கூடியது, ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும். பழத்தை நன்றாக மென்று தின்றுவிட்டு அந்த நீரையும் குடித்துவிட வேண்டும்.

ஊறவைக்காமல் சாப்பிட்டால் வேலை செய்யாதா? செய்யும். ஊறவைத்தால் மெல்ல எளிது, கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

படி 5: அளவைக் கூட்டுவது

பெரும்பாலானவர்கள் கைவிடுவது இந்த இடத்தில்தான். நானும் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஆய்வில் நாளுக்கு 100 கிராம் என்று படித்ததும் முதல் நாளே பத்துப் பன்னிரண்டு பழங்களை உள்ளே தள்ளினால், மாலைக்குள் வயிறு மத்தளமாகிவிடும். பலமான காற்று, உப்புசம், கொஞ்சம் பிடித்திழுக்கும் வலி. உடனே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொட்டலத்தை மூலையில் போட்டுவிடுவோம். ஒத்துக்கொள்ளாமல் இல்லை, வேகம்தான் அதிகம். உறிஞ்சப்படாத சர்பிட்டாலையும் நாரையும் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கின்றன, வாயு அங்கிருந்துதான் வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் குடல் பெரும்பாலும் பழகிக்கொள்கிறது.

அதனால் இப்படிப் போங்கள். முதல் மூன்று நாள், காலையில் இரண்டே பழம். வாயுத் தொல்லை இல்லையென்றால் அடுத்த நான்கு நாள் நான்கு பழம். இரண்டாவது வாரம் ஐந்து அல்லது ஆறு. கொட்டை நீக்கிய பழம் ஒன்று 8 முதல் 10 கிராம் இருக்கும் என்பதால் இது ஏறக்குறைய 50 கிராம். நோட்டில் மூன்று அல்லது நான்கு என்ற எண் வரத் தொடங்கிவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள், மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றும் இரண்டுமாகவே இருந்தால் மட்டும் மாலையில் இரண்டு, பிறகு நான்கு என்று இன்னொரு வேளை சேர்க்கலாம். ஐந்து, ஆறு என்று எண் தாண்டினால் ஒரு படி இறங்குங்கள்.

எண்ணுவதா, எடை போடுவதா? முதல் தடவை மட்டும் சமையல் தராசில் ஆறு பழத்தை வைத்துப் பாருங்கள். சில பொட்டலங்களில் பழம் பெரிது, ஆறே 70 கிராம் வந்துவிடும். அதன் பிறகு எண்ணினால் போதும்.

இன்னொன்று: மலமிளக்கி மாத்திரை போல இதை மறுநாளே எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் கொடுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

படி 6: தண்ணீர், நேரம், முக்காலி

நாருக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாத நார் மலத்தை இறுக்கவும் கூடும். இதய, சிறுநீரகக் காரணங்களுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும், காலையில் இது வலுவாக இருக்கும். அதனால் காலை உணவு முடிந்த கால் மணி, அரை மணிக்குள் கழிவறைக்குப் போய் உட்காருவதைப் பழக்கமாக்குங்கள். கைபேசி வெளியே இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், முக்கவும் வேண்டாம். மூலம் வர அது நல்ல வழி.

மேற்கத்திய கழிவறையில் உட்காருபவர்கள் காலடியில் ஒரு குட்டி முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி லேசாக முன்சாயுங்கள். மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. இதற்கென்று வளைத்துச் செய்த முக்காலிகள் விற்கின்றன, வாங்கத் தேவையில்லை. ஆடாமல் நிற்கும் எந்தப் பலகையும் போதும்.

பிடிக்கவில்லை என்றால் கிவி

உலர் பிளம்ஸின் வாசனையே ஆகாது என்பவர்கள், அளவை மெதுவாகக் கூட்டியும் உப்புசம் தணியாதவர்கள், பச்சை கிவிக்கு மாறலாம். நாளுக்கு இரண்டு பழம். 2021-இல் அமெரிக்காவில் கிவி, உலர் பிளம்ஸ், இசப்கோல் மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே உதவின, தொல்லை குறைவு என்று பெயர் வாங்கியது கிவி. ரப்பர் பாலால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கிவியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வாய் அரித்தால் நிறுத்திவிடுங்கள். வாழைப்பழத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள் என்பதால்: நன்றாகக் கனிந்தது பரவாயில்லை, காய்வெட்டாக இருப்பதில் செரிக்காத மாவுச்சத்து அதிகம், இந்த வேலைக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். 50 கிராமில் ஏறத்தாழ 19 கிராம் சர்க்கரை இருக்கிறது. அன்றாடக் கணக்கில் அதைச் சேர்த்து, வேறு எதையாவது குறைத்து, ரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிவியில் சர்க்கரை இதைவிடக் குறைவு.

இன்னொருவர், இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியதிலிருந்துதான் சிக்கல் என்று எழுதியிருந்தார். அது நடக்கும். சில வலி மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், அலுமினியம் கலந்த அமிலமுறிவுகள் எல்லாம் மலச்சிக்கல் தரக்கூடியவை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், வேளையையோ வகையையோ மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்தவரிடமே கேளுங்கள்.

நான் யோசிக்காத கேள்வி ஒன்றும் வந்தது. "பல நாள் போகவில்லை, இப்போது தண்ணீராகக் கசிகிறது, பழத்தை நிறுத்தலாமா?" இது வயிற்றுப்போக்கு போலத் தெரியும். உள்ளே இறுகிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வருவதாகவும் இருக்கலாம், முதியவர்களிடம் இது சாதாரணம். பழமும் வேண்டாம், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம், மருத்துவர் கையால் பார்த்துச் சொல்லட்டும்.

கடைசியாக, இரண்டு பழத்துக்கே வயிறு ஊதுகிறது என்றவர்களுக்கு: சர்க்கரை இல்லாத சூயிங்கமும் மிட்டாயும் சாப்பிடுகிறீர்களா? பலவற்றில் இனிப்புக்குச் சேர்ப்பது இதே சர்பிட்டால்தான், உறையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பழத்தைக் குறைக்கும் முன் ஒரு வாரம் அவற்றை நிறுத்திப் பாருங்கள். அப்படியும் ஊதினால், குறிப்பாகக் குடல் எரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்.) இருப்பதாக மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால், உங்களுக்குக் கிவிதான்.