சிம் இல்லாத பழைய போனைக் குழந்தைக்குத் தயார் செய்வது எப்படி?

புதுப் போன் வந்ததும் பழையது பீரோவுக்குள் போய்விடும். பிள்ளை அடம்பிடிக்கும் ஒரு நாளில் சிம்மைக் கழற்றிவிட்டு அதையே கையில் கொடுத்துவிடுகிறோம். ஆனால் சிம்மோடு போவது போன் காலும் எஸ்எம்எஸ்ஸும் மொபைல் டேட்டாவும் மட்டும்தான். வைஃபை கிடைத்த நொடியில் யூடியூப், ப்ளே ஸ்டோர், உங்கள் ஜிமெயில், அதில் சேமித்து வைத்த கார்டு எல்லாம் உயிர் பெற்றுவிடும். அதனால் பழைய கணக்கைத் துடைத்து, குழந்தைக்கென்று ஒரு கணக்கு போட்டு, அப்புறம்தான் கொடுக்க வேண்டும். இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போன்களுக்கு. மெனுவின் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

படி 1: போன் தேறுமா?

முதலில் பேட்டரி. கவரைக் கழற்றிவிட்டுப் போனைச் சமமான மேஜையில் மல்லாக்க வையுங்கள். தட்டினால் ஆடுகிறதா, பின்மூடி பிதுங்கியிருக்கிறதா, திரை ஓரத்தில் எழும்பி நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தப் போனைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். சர்வீஸ் கடையில் பேட்டரியை மாற்றிய பிறகுதான் அது குழந்தை கைக்குப் போகலாம்.

அடுத்து ஆண்ட்ராய்டு பதிப்பு. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதியில் இருக்கும். குழந்தையின் போனைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் ஆப், கூகுளின் ஃபேமிலி லிங்க். அது ஆண்ட்ராய்டு 7-லிருந்து ஓடும். ஆனாலும் 8-க்குக் கீழே இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வோம். 7.1.1-க்கு முந்தைய போன்களில் புதிய பாதுகாப்புச் சான்றிதழ்கள் (ஒரு தளம் அசல்தானா என்று போன் சரிபார்க்க உதவுபவை) இல்லை. பல இணையதளங்கள் திறக்காமல் எச்சரிக்கை காட்டும். அப்படிப்பட்ட போனை இணையமே இல்லாமல், பாட்டுக்கும் படத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: உங்கள் பொருளை வெளியே எடுங்கள்

போட்டோ, வாட்ஸ்அப் பேக்அப், தொடர்பு எண்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோவது ஆத்தென்டிகேட்டர் ஆப், அதாவது கணக்கில் நுழையும்போது பாஸ்வேர்டோடு கேட்கும் எண்ணைத் தரும் ஆப். அதில் உள்ள கணக்குகளைப் புதுப் போனுக்கு மாற்றாமல் ரீசெட் செய்தால் (போனில் உள்ளதை எல்லாம் அழித்தால்) உங்கள் கணக்குக்குள்ளேயே நீங்கள் நுழைய முடியாமல் போகலாம். பேங்க் ஆப்பும் யுபிஐயும் புதுப் போனில் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பிறகு சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, காலி ட்ரேயை மறுபடி உள்ளே தள்ளுங்கள். ட்ரே இல்லாத துளை வழியே தூசியும் ஈரமும் போகும்.

படி 3: முதலில் கணக்கு, பிறகு ரீசெட்

இந்த வரிசை மாறினால்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டைத் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. கூகுள் கணக்கு உள்ளே இருக்கும்போதே, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் அழுத்தி வரும் ரெக்கவரி மெனு வழியாக ரீசெட் செய்தால், அடுத்த முறை ஆன் ஆகும்போது அதே பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். மறந்திருந்தால் போன் அங்கேயே நிற்கும்.

ஆகவே செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' போய் எல்லாக் கூகுள் கணக்குகளையும் நீக்குங்கள். ஷாவ்மி போனில் மி அக்கவுண்ட், சாம்சங்கில் சாம்சங் அக்கவுண்ட் இருந்தால் அதிலிருந்தும் வெளியேறுங்கள்; அவற்றுக்கும் தனிப் பூட்டு உண்டு. திரைப் பூட்டையும் எடுத்துவிடுங்கள். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள்.

படி 4: குழந்தையின் கணக்கு மட்டும்

உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப்பை நிறுவி, அதில் குழந்தைக்குப் புதிய கூகுள் கணக்கு உருவாக்குங்கள். பிறந்த ஆண்டை மாற்றிப் போடாதீர்கள். வயதைக் கூட்டினால் கட்டுப்பாடுகள் தளர்ந்துவிடும்.

ரீசெட் ஆன போனை ஆன் செய்து, வைஃபையில் இணைத்து, குழந்தையின் கணக்கில் நுழையுங்கள். பெற்றோர் பாஸ்வேர்டை ஒருமுறை கேட்கும். அதை நீங்களே தட்டுங்கள். 'முதலில் என் கணக்கைப் போட்டு ஆப் எல்லாம் ஏற்றிவிடலாம்' என்று குறுக்குவழி தேடாதீர்கள். குழந்தைக் கணக்கைச் சேர்க்கும்போது மற்றக் கணக்குகளை நீக்கச் சொல்லும், வேலை இரட்டிப்பாகும். பழைய போன் இந்தக் கட்டத்தில் ப்ளே சர்வீசஸை (கூகுள் ஆப்கள் ஓடத் தேவையான பின்னணி மென்பொருளை) புதுப்பிக்க வெகுநேரம் எடுக்கும். சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று ஆஃப் செய்துவிட வேண்டாம். சார்ஜரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.

படி 5: ஃபேமிலி லிங்க்கில் என்ன அமைப்பது

புது ஆப் எதுவானாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள். ப்ளே ஸ்டோரின் வயது வரம்பை 3+, 7+, 12+ என்பதில் பொருத்தமானதாக்குங்கள். தினசரி நேரத்தையும் இரவு பூட்டும் நேரத்தையும் குறியுங்கள். சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் போதும். அதில் நீங்கள் தேர்ந்த வீடியோ மட்டுமே வரும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. முதல் வேலையாக அதைப் போடுங்கள்.

ஓட்டை எங்கே என்றால், இணையதள வடிகட்டல் குரோமுக்கு உள்ளேதான். போனோடு வந்த மற்ற பிரவுசர்களுக்கு அது பொருந்தாது. ஆப் பட்டியலில் தேடி அவற்றை ஒவ்வொன்றாகத் தடுத்துவிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் மாற்றுகிற எந்த அமைப்பும் குழந்தையின் போன் வைஃபைக்கு வந்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும். வைஃபை இல்லாத இடத்தில் பூட்டிக்கொண்டால், ஃபேமிலி லிங்க் தரும் பெற்றோர் குறியீட்டு எண்ணைத் தட்டித் திறக்கலாம். அது உங்கள் ஆப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

படி 6: வைஃபை

ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு இருக்கும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை. அந்த அமைப்பில் family.cloudflare-dns.com என்று தட்டினால் ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெருமளவு அடைபடும். அம்மாவின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலும் இது கூடவே வரும். பழைய பதிப்பு என்றால் ரவுட்டரின் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டையும் போடுங்கள். ஒரு தளத்தின் பெயரை மட்டுமே இது பார்க்கும். யூடியூபுக்குள் எந்த வீடியோ ஓடுகிறது என்பது இதற்குத் தெரியாது. விவரம் தெரிந்த பிள்ளை செட்டிங்ஸில் போய் இதை அணைக்கவும் முடியும். ஆகவே அவ்வப்போது பாருங்கள்.

ரவுட்டரில் இந்தப் போனுக்கு மட்டும் நேரம் குறித்துத் தடுக்க நினைத்தால் ஒரு சிக்கல் வரும். ஆண்ட்ராய்டு 10 முதல் போன் தன் மேக் முகவரியை (ரவுட்டர் போனை அடையாளம் காணும் எண்ணை) மறைத்துப் போலி முகவரி காட்டும். வீட்டு வைஃபையின் 'பிரைவசி' பகுதியில் 'டிவைஸ் மேக்' என்று மாற்றினால் ரவுட்டருக்குப் போனின் அசல் முகவரியே தெரியும்.

படி 7: இணையம் இல்லாமலே நிரப்புங்கள்

உண்மையில் குழந்தைப் போனின் அழகே இங்கேதான். உள்ளே சரக்கு இருந்தால் வைஃபையை எந்நேரமும் திறந்து வைக்கத் தேவையில்லை. வாரத்தில் ஒருநாள் இணைத்து அப்டேட் முடித்து, வைஃபை அமைப்பில் 'ஃபர்கெட்' கொடுத்துப் பாஸ்வேர்டை அழித்துவிடலாம்.

கிவிக்ஸ் என்ற இலவச ஆப்பில் தமிழ் விக்கிப்பீடியாவையே இறக்கி வைக்கலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். பாடநூல்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் பிடிஎஃபாகவே தருகிறது. பாட்டு, வீடியோவுக்கு விஎல்சி என்ற ஆப் போதும். 16 ஜிபி போனில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். புதிதாக ஒரு மெமரி கார்டு போட்டு எல்லாவற்றையும் அதில் வையுங்கள். எஃப்எம் ரேடியோ உள்ள போன் என்றால் கூடுதல் லாபம். சிம்மும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். வயர் ஹெட்செட் மட்டும் செருகியிருக்க வேண்டும், அந்த வயர்தான் ஏரியல்.

கொடுப்பதற்கு முன்

ஃப்ளைட் மோடைப் போட்டு, வேண்டும்போது வைஃபையை மட்டும் தனியே ஆன் செய்யுங்கள். சிம் இல்லாவிட்டாலும் போன் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி அதில் கரையும். பவர் பட்டனை அடுத்தடுத்துப் பலமுறை அழுத்தினால் அவசர அழைப்பு கிளம்பும் வசதியை 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி'யில் அணைத்து வையுங்கள். பிள்ளைகள் விளையாட்டாக அழுத்துவார்கள். சிம் இல்லாத போனிலிருந்து ஆபத்துக்கு உதவி கூப்பிடலாம் என்று நம்பியும் இருக்காதீர்கள்.

திடீரென்று ப்ளே ஸ்டோரோ இணையதளமோ எதுவும் திறக்கவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்து நாள்கணக்கில் கிடந்த போனில் தேதி பின்னால் போயிருக்கும், நேரம் சொல்ல டவரும் இல்லை. தேதி தவறானால் சான்றிதழ் சோதனை தோற்று இணைப்பு மறுக்கப்படும். தேதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்து, நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.