அக்ராவுக்குக் குடிபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

அக்ராவுக்கு வேலைக்கு வந்த முதல் வாரம் மகோலா சந்தைக்குப் போனேன். (தாஜ்மகால் இருக்கும் ஆக்ரா இல்லை, கானாவின் தலைநகர் அக்ரா. இந்த விளக்கத்தை ஊரில் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும், பழகிக்கொள்ளுங்கள்.) தக்காளிக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் நேராக விலை கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து "குட் மார்னிங்" என்றார். விலையைச் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் "குட் மார்னிங்", இந்த முறை கொஞ்சம் அழுத்தமாக. பக்கத்துக் கடைக்காரப் பெண் சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வணக்கம் சொல்லாமல் இங்கே எந்தப் பேச்சும் தொடங்காது. காவலாளி, லிஃப்டில் நிற்கும் முன்பின் தெரியாதவர், வழி சொல்லப் போகிற போலீஸ்காரர், யாராக இருந்தாலும் முதலில் வணக்கம், பிறகுதான் காரியம். பலர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் நுழைந்தால் வலப்பக்கம் இருப்பவரில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, சுட்டிக்காட்டுவதும் கையசைப்பதும்கூட அவமரியாதை. இதெல்லாம் நமக்குத் தெரியாதா என்றுதான் நினைப்போம். ஆனால் வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு இடது கையால் டாக்சிக்காரரிடம் பணத்தை நீட்டும் பழக்கம் நமக்கு வந்து வெகுநாள் ஆகிறது.

சந்தையில் தானியத்தை 'ஒலோங்கா' என்ற தகர டப்பாவால் அளக்கிறார்கள், நம் படியைப் போல. அளந்து முடித்த பிறகு மேலே ஒரு பிடி போட்டால் அதற்குப் பெயர் 'டாஷ்'. நம் கொசுறேதான். அதைக் கேட்காமல் வருவதையும் தவறுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவர் 'ஐ ஆம் கமிங்' என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் நடந்து போனால் குழம்ப வேண்டாம். நாம் 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தானே புறப்படுகிறோம்? எப்போது திரும்பி வருவார் என்பது வேறு விஷயம்.

இப்படித் தொட்ட இடமெல்லாம் நம் ஊர்ச் சாயல் தெரிவதுதான் ஆபத்து. பெரிய தவறுகள் எல்லாம் சாயலை நம்பியே நடக்கின்றன.

'அட்வான்ஸ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அது வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம். அக்ராவில் அட்வான்ஸ் என்பது வாடகையேதான், ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ முன்கூட்டியே கட்டுவது. ஆறு மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, வீட்டுச் சாவி உரிமையாளரிடம் இருக்கிறது. நான் ஓர் ஆண்டு வாடகையை மொத்தமாகக் கட்டிவிட்டு நான்காவது மாதமே வேறு பேட்டைக்கு மாற நேர்ந்தது. மிச்சம் எட்டு மாதப் பணத்தை 'டெபாசிட்' என்று நினைத்துக் கேட்கப் போனேன். உரிமையாளர் கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். இடையில் காலி செய்தால் என்ன ஆகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் ஒரு 'செடி'கூட (கானாவின் நாணயம்) கொடுக்காதீர்கள். வாடகையை டாலரில் பேசினால், எந்த நாளின் மாற்று விகிதம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2022 டிசம்பரில் இங்கே பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. செடியில் சம்பளம் வாங்கி டாலரில் வாடகை கட்டியவர்கள் அந்த ஆண்டை மறக்க மாட்டார்கள்.

வீட்டை வெயில் நாளில் பார்த்து முடிவு செய்வது அடுத்த தவறு. மே, ஜூன் மாதங்களில் ஒரு பெருமழைக்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். 2015 ஜூன் 3 இரவு வெள்ளத்துக்குப் பயந்து ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கியவர்கள் அங்கே நடந்த வெடிப்பில் சிக்கினார்கள். வெள்ளமும் தீயும் சேர்ந்து 150க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இரவு அது. தண்ணீர்த் தொட்டி எத்தனை நாளைக்குத் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் யார் செலவு, ப்ரீபெய்டு மின்மீட்டர் உங்களுக்கு மட்டுமா பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். மின்வெட்டுக்கு இங்கே 'தும்சோர்' என்று தனிப்பெயரே உண்டு. 'அணை, ஏற்று' என்று பொருள்.

காய்ச்சலுக்கு வருவோம். நம் ஊரில் பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்போம். இங்கே அது கூடாது. இப்பகுதியில் பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை மலேரியா. கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. "கொஞ்சம் மலேரியா" என்று சளி பிடித்தது போலச் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிடும் சக ஊழியரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். சிறுவயது முதல் திரும்பத் திரும்ப வந்ததில் அவர் உடம்பு ஓரளவு பழகியிருக்கிறது. நம் உடம்பில் அந்தப் பழக்கம் இல்லை. காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்பதற்கு முன்பே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இங்கே நுழைய மட்டுமல்ல, இந்தியா திரும்பவும் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து தனிமை முகாமுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

சைவர்களுக்கு ஒன்று. "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால், குழம்பில் கருவாட்டுப் பொடி இருக்கும். அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைக்கும் 'வாச்சே'யைத் தனியாக வாங்கி, வீட்டில் வைத்த குழம்போடு சாப்பிடுவது என் வழி.

இனிச் சில சிறிய விஷயங்கள். கானாவில் 1974 முதல் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்காதீர்கள். சாலையோரச் சாக்கடைகளில் பலவற்றுக்கு மூடி கிடையாது. ராணுவ உடை போன்ற துணியைப் பொதுமக்கள் உடுத்தத் தடை இருக்கிறது. ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால், மே மாதவாக்கில் ஏறத்தாழ ஒரு மாதம், அக்ராவின் பூர்வகுடிகளான 'கா' மக்களின் மரபுப்படி நகரில் மேளச் சத்தம் கூடாது. புதுமனை புகுவிழாவை ஒலிபெருக்கியோடு அந்த மாதத்தில் வைக்க வேண்டாம். 'சம்பளத்தோடு சின்னதாக ஒரு கடை' என்ற ஆசையையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சந்தைச் சில்லறை வியாபாரம், முடிதிருத்தகம் போன்றவற்றை 2013ஆம் ஆண்டின் முதலீட்டுச் சட்டம் கானா நாட்டவருக்கே ஒதுக்கியிருக்கிறது.

கடைசியாக, சக ஊழியர் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். இறந்து பல வாரங்கள் கழித்து, பெரும்பாலும் சனிக்கிழமையில் நடக்கும். முறையாக அச்சடித்த அழைப்பிதழ் வரும். கறுப்பு அல்லது சிவப்பு உடுத்திப் போங்கள். பந்தலில் ஒரு மேசை போட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதி ரசீது தருவார்கள். ஒலிபெருக்கியில் பெயரை வாசிப்பதும் உண்டு. மொய் எழுதிப் பழகிய நமக்கு அந்த மேசையைக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் தேவைப்படாது. போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, பணத்தை வலது கையால் கொடுங்கள்.