முதியவர் வீட்டுக்குள் முடங்கியிருக்கிறாரா? கேட்டு அளக்கும் முறை

"அம்மா வெளியில போறவவா?" என்று வெள்ளவத்தையில் எந்த வீட்டில் கேட்டாலும் "ஓம், கோயிலுக்குப் போறவதானே" என்று மகள் சொல்லிவிடுவார். கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள், அது தைப்பொங்கலாக இருக்கும். அதனால் வழக்கத்தைக் கேட்க வேண்டாம், எண்ணிக்கையைக் கேளுங்கள்: போன ஒரு மாதத்தில் கட்டடத்தின் வாசலைத் தாண்டி எத்தனை தரம் போனார்? கிளினிக் கொப்பியையும் சுவரில் தொங்கும் கலண்டரையும் கையில் எடுத்துக்கொண்டு கேட்டால் ஞாபகம் வரும். முக்கியமாக, அம்மாவிடமே கேளுங்கள்.

கிழமைக்கு ஒரு தரம் அல்லது அதற்கும் குறைவு என்றால் அவர் வீட்டோடு முடங்கியவர். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை 2011 முதல் பின்தொடரும் ஆய்வில் எடுத்த கோடு இது. அந்த ஆண்டு நிறுவனங்களில் அல்லாமல் சமூகத்தில் வாழ்ந்தவர்களில் 5.6 வீதத்தினர் இதற்குள் வந்தார்கள். அடிக்கடி போகிறார், ஆனால் யாராவது கைபிடித்தால்தான் முடிகிறது, அல்லது தனியே போவதற்குச் சிரமப்படுகிறார் என்றால் அரைவாசி முடக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம், கூட்டிப்போகும் பிள்ளை வெளிநாடு போனதும் அவர்கள் முதல் கூட்டத்துக்குள் விழுந்துவிடுகிறார்கள்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் நடமாட்ட எல்லையை அளக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. படுக்கையறைக்கு வெளியே 1, வாசல் முற்றம் 2, அக்கம்பக்கம் 3, ஊருக்குள் 4, ஊரைத் தாண்டி 5. ஒவ்வொன்றையும் கடந்த 4 கிழமையில் எவ்வளவு அடிக்கடி போனார் என்பதால் பெருக்குங்கள்: கிழமைக்கு ஒன்றுக்கும் குறைவு 1, ஒன்று முதல் மூன்று 2, நாலு முதல் ஆறு 3, தினமும் 4. அப்புறம் உதவிக்கான எண்ணாலும் பெருக்குங்கள்: தனியே 2, கைத்தடி, வோக்கர் 1.5, ஆள் துணை 1. கூட்டினால் அதிகபட்சம் 120. 60க்குக் கீழே என்றால் எல்லை சுருங்கிவிட்டது என்று எடுக்கலாம்.

என் அம்மம்மாவுக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாடி, லிப்ட் பழுது. வோக்கரோடு தினமும் ஹோலுக்கு வருவா, 6. துணையோடு கிழமைக்கு இரண்டு தரம் வெளி வராந்தா, 4. ஒழுங்கைக்கு மாதத்தில் ஒரு தரம், 3. ஓட்டோவில் கிளினிக்குக்கு ஒரு தரம், 4. மொத்தம் 17. முழங்கால்தான் காரணம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். லிப்ட் சரியான பிறகு வோக்கரோடு தானே இறங்கி, கிழமையில் ஐந்து நாள் ஒழுங்கை முனை வரை போய் வந்தா. மறுபடி போட்டபோது 32.5.

அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்துக்கும் ஒரு கட்டம் விடுங்கள்: படியா, வலியா, விழுந்துவிடும் பயமா, கூட வர ஆள் இல்லையா. திகதியும் போடுங்கள்.