படுவான்கரைக் கிரவலில் சைக்கிள்: முதல்முறை போகிறவர்களுக்கு

மட்டக்களப்பு டவுனிலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வாவிக்கு மேற்கே கிடக்கிற படுவான்கரை. வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று மேற்கே போகப் போக வயல் குறைந்து காடு கூடும், தட்டையாகக் கிடந்த நிலம் மெல்ல ஏறி இறங்கத் தொடங்கும், கார்பெட் வீதியை விட்டு ஒரு திருப்பம் திரும்பினால் செம்மண் கிரவல்தான். வழியில் தெரிகிற மலைகளெல்லாம் பாறைக் குன்றுகள், ஏற்றங்களும் குட்டை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கிழக்கில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் இங்கே ஒரு பயணத்தைத் திட்டமிடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். காரணம் கீழே வரும்.

1. சைக்கிள்

கிரவல் பைக் என்று தனியாக ஒரு சாதி இருக்கிறது, ரேசிங் சைக்கிள் மாதிரி வளைந்த ஹாண்டில், அகலமான டயர். அது இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. வீட்டில் கிடக்கிற 26 அங்குல மவுண்டன் சைக்கிள் தாராளமாகப் போதும். டயர் 40 மில்லிமீற்றர் அகலத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, ஒல்லி டயர் மணலில் புதையும். பிரேக் கட்டைகள் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

காற்று விஷயத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சைக்கிள் கடையில் கல்லு மாதிரி இறுக்கி அடித்துத் தருவார்கள், அது தார் ரோட்டுக்குச் சரி. கிரவலில் அப்படி ஓட்டினால் ஒவ்வொரு சல்லிக் கல்லும் கையையும் முதுகையும் குத்தும், வளைவில் பின் சில்லு வழுக்கும். 40 மில்லிமீற்றர் டயருக்கு, 70 கிலோ ஆள் என்றால், 35 முதல் 45 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை வைத்துப் பாருங்கள், முன் சில்லில் பின் சில்லைவிடக் கொஞ்சம் குறைவாக. காற்றை அளக்கும் கேஜ் இல்லையா, கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் டயர் கொஞ்சமாவது உள்வாங்க வேண்டும். அதற்காக அளவுக்கு மிஞ்சி இறக்கிவிடாதீர்கள், கல்லில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும்.

2. வழியை வரைதல்

போனில் செய்மதிப் படத்தைத் திறந்து உன்னிச்சைக் குளத்தைத் தேடுங்கள். குளத்தைக் கண்டுபிடித்தால் கட்டு தெரியும், கட்டிலிருந்து கிளம்புகிற வாய்க்கால் தெரியும், வாய்க்காலோடு கூடவே ஓடுகிற கிரவல் பாதையும் தெரியும். விவசாயிகள் தண்ணீர் திருப்பப் போகிற பாதை அது. வாகனம் குறைவு, ஏற்றமும் கிட்டத்தட்ட இல்லை. முதல் பயணத்துக்கு இப்படியான வாய்க்கால் பாதை ஒன்றை எடுத்து, வந்த வழியே திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு உன்னிச்சைப் பக்கமிருந்து கரடியனாறு நோக்கி ஏறி, பதுளை வீதியைப் பிடித்துச் செங்கலடியில் இறங்கி ஒரு சுற்றாக முடிக்கலாம்.

வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள், காட்டுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காகப் பாதை இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். வழியில் லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) வருகிறவரை நிறுத்தி, "அண்ணன், இந்தப் பாதை அங்கால போகுமா?" என்று கேட்டால் எந்த ஆப்பும் சொல்லாத பதில் கிடைக்கும். கூடவே "யானை நிக்குதா?" என்றும் கேளுங்கள்.

3. நேரமும் காலமும்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மறந்துவிடுங்கள். மாரி மழையில் கிரவல் கரைந்து பள்ளமாகும், குளம் நிரம்பி வான் பாயும், தாழ்ந்த பாதைகள் தண்ணீருக்குள் போகும். மார்ச் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அதிலும் கச்சான் காற்று வீசுகிற ஜூன், ஜூலையில் ஒரு வசதி இருக்கிறது: காற்று மேற்கிலிருந்து வருவதால் போகும்போது எதிர்க்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகில் தள்ளும். வெயில்தான் கொடுமை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும், ஒரு போத்தலில் ஜீவனி (உடம்பு நீர் வற்றாமல் காக்கும் உப்புத் தூள்) கரைத்து வையுங்கள். ஆயித்தியமலையில் மாதா கோயில் இருக்கிறது, செப்டம்பர் திருவிழாவுக்கு டவுனிலிருந்து நடந்தே போகிற சனம் அதிகம், அந்த நாட்களில் மட்டும் அந்த வீதியைத் தவிர்த்தால் இரண்டு பகுதிக்கும் நிம்மதி.

சரி, மணிக்கூடு. நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, பின்னேரம் மூன்று மணிக்கு முன்னால் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். யானைகள் பின்னேரம்தான் குளத்துக்கும் வயலுக்கும் இறங்கும், இரவெல்லாம் நின்று விடியும்போது திரும்பும். இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் போவதும் பொழுது சாயும்போது குளக்கட்டில் நின்று படம் எடுப்பதும் ஒரே அளவு முட்டாள்தனம். பாதையில் யானை லத்தி கிடந்தால் இறங்கிப் பாருங்கள். மேலே காய்ந்து வைக்கோல் நிறத்தில் உதிர்ந்தால் பழையது. பச்சையாக, ஈரம் மினுங்க, ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தால் யானை கிட்ட எங்கோ நிற்கிறது, சத்தம் போடாமல் வந்த வழியே திரும்புங்கள். சைக்கிளில் சத்தமே இல்லை என்பது இங்கே நமக்கு எதிரி, வளைவில் யானைக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் அதற்கும் நமக்கும் தெரியும். மறைவான வளைவுகளில் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள், தனியாகப் போகவே போகாதீர்கள். யானை மின்வேலியின் காட்டுப் பக்கம் நமக்கு வேலை இல்லை.

4. ஓட்டும் முறை

வெறும் கிரவலில் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்கை மடிந்தே இருக்கட்டும். டிப்பர் ஓடிய வீதிகளில் அலை அலையாக மேடு விழுந்திருக்கும், அங்கே ஓரத்து மண்ணில் ஒதுங்கினால் குலுக்கல் குறையும். மணல் வந்தால், அதற்கு முன்பே கியரை இலேசாக்கி, உடம்பைப் பின்னால் வைத்து, நிறுத்தாமல் மிதியுங்கள், முன் சில்லைத் திருப்பப் போனால் விழுவீர்கள். இறக்கத்தில் முன் பிரேக்கைத் தனியாக அழுத்துவதும் அப்படித்தான். டிப்பர் எதிரே வந்தால் பேசாமல் இறங்கி நின்றுவிடுங்கள், புழுதி அடங்கும்வரை ஒன்றும் தெரியாது.

5. பையில்

மாற்று டியூப் இரண்டு, பம்ப், டயர் கழற்றும் நெம்பு, ஒட்டுச் சாமான். வயலோரம் நெருஞ்சி முள் உண்டு, ஒரு டியூப் போதாது. வாழைப்பழமும் பணிஸும் போதும். 1990 இலவச அம்புலன்ஸ், 1992 வனஜீவராசிகள், இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள், எந்த வழியால் போகிறீர்கள் என்று வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம், தெரியாத இரும்புச் சாமான் எதைக் கண்டாலும் தொடவும் வேண்டாம், யுத்தகால வெடியாக இருக்கலாம்.

இது கைவந்தால் அடுத்தது கிரான் பக்கமிருந்து குடும்பிமலை, ஏற்றமும் காடும் அங்கே இன்னும் அதிகம். அம்பாறைப் பக்கம் கல்லோயா, மேற்கே மாதுறு ஓயா இரண்டும் தேசியப் பூங்காக்கள், அவற்றுக்குள் சைக்கிள் கூடாது, வழி வரையும்போதே எல்லையைப் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைப் பழைய துணியால் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், செம்புழுதியோடு அடுத்த கிழமைவரை விட்டால் கியர்ப் பல்லைத் தின்றுவிடும்.