பக்கிள் துப்பாக்கியை கேமில் வைப்பது எப்படி

1746 அக்டோபரில் ஆற்காட்டு நவாபின் மகன் மஃபூஸ் கானின் படையைப் பிரெஞ்சுக்காரர்கள் முறியடித்த அடையாற்றுச் சண்டையை லெவலாகக் கட்டினால், சென்னை டீம்களுக்கு ஓர் ஆசை வரும்: 1718லேயே காப்புரிமை பெற்ற பக்கிள் ‘மெஷின் கன்’ ஒன்றை நடுவில் வைத்தால் என்ன? தாராளமாக வைக்கலாம், கற்பனைச் சேர்க்கை என்று திரையில் போட்டுவிட்டு. ஆனால் பட்டனை அமுக்கிப் பிடித்தால் தடதடவென்று சுடுவதுபோல் எழுதிவிடாதீர்கள்.

லண்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் பக்கிள் செய்தது முக்காலிமேல் நிற்கும் ஒற்றைக் குழல். நீளம் சுமார் 91 செ.மீ., உள்விட்டம் 32 மி.மீ. பின்னால் சுழலும் உருளையில் குண்டறைகள். 1722இல் 7 நிமிடத்தில் 63 முறை சுட்டுக் காட்டினார்கள், அதாவது நிமிடத்துக்கு 9.

ஒன்பது அறை என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி: பின்கைப்பிடியைத் தளர்த்த 1 வினாடி, உருளையைக் கையால் அடுத்த அறைக்குத் திருப்ப 1, அறையின் கூம்பு வாய் குழலோடு ஒட்டும்வரை முறுக்க 1.5, சக்கிமுக்கி விசையைத் தயார்செய்து குறிபார்த்துச் சுட 2. ஆக 5.5. முதல் வேட்டிலிருந்து ஒன்பதாவதுக்கு எட்டு இடைவெளி, 44 வினாடி. உருளை மாற்றி மறுபடி சுட 16. சரியாக ஒரு நிமிடம்.

இதை ஒரே டைமரில் அடக்காமல் நான்கு நிலைகளாகப் பிரியுங்கள். கடைசி நிலையில் மட்டும் சுடும் பட்டனை ஏற்க வேண்டும். ஃபிரேம் எண்ணிக்கையை நம்பினால் பழைய லேப்டாப்பில் துப்பாக்கி மந்தமாகிவிடும். டெல்டா டைமை, அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கழிந்த நேரத்தை, கூட்டுங்கள். முறுக்குவதைப் பாதியில் விட்டுக் கடைசி நிலைக்குப் போய்ச் சுட்டால் இடுக்கில் புகை கசிந்து குண்டின் வேகம் குறையட்டும். பொறி பற்றாமல் போவதற்கு இருபதில் ஒன்று என்று தொடங்கிப் பாருங்கள்.

மழை வந்தால் துப்பாக்கியையே முடக்கிவிடுவது பலர் செய்யும் தப்பு. அந்த 63 வேட்டும் கொட்டும் மழையில்தான் நடந்தது! ஐப்பசி மழையில் அடையாற்றுக் காட்சி வைத்தாலும் பற்றாத விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். கிறிஸ்தவர்களுக்கு உருண்டைக் குண்டு, துருக்கியர்களுக்குச் சதுரக் குண்டு என்ற காப்புரிமைக் கூத்தை மெனுவில் ஒரு வரியாக வையுங்கள். தனி டேமேஜ் வேண்டாம்.

பேலன்ஸில்தான் எல்லாரும் சறுக்குவது. பழகிய மஸ்கெட் (தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி) வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். மூன்று சிப்பாய்கள் ஒரு பக்கிளுக்குச் சமம். அவர்கள் நடந்தும் போவார்கள், துப்பாக்கி முனையில் கத்தி செருகியும் குத்துவார்கள். வேகத்தில் அனுகூலம் தேடாதீர்கள், குண்டின் எடையில் தேடுங்கள். மஸ்கெட் குண்டு 30 கிராமுக்குச் சற்று மேல். இந்தக் குழலுக்கான ஈய உருண்டை 170 கிராம் அளவுக்கு வரும். ஒரு வேட்டில் வரிசையாக இருவரை வீழ்த்தவிடலாம்.

உபரி உருளை இரண்டுக்கு மேல் தராதீர்கள். தீர்ந்தபின் அறைக்கு 15 வினாடி வீதம் 135 வினாடி நிரப்பட்டும். உதவியாள் செத்தால் அதுவும் இரட்டிப்பு.