காணிக்குள் இறங்குமுன் காலுக்கு என்ன பூசுவது? வன்னிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு

லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருந்து வந்து, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணியைத் துப்புரவாக்கிக் குடியிருக்கத் தொடங்குபவர்கள் பலர் ஆடி, ஆவணியில்தான் வந்து இறங்குகிறார்கள். அப்போது வன்னி காய்ந்து கிடக்கும். நுளம்பு பெரிதாகத் தெரியாது. ஐப்பசியில் மழை பிடித்து வளவெல்லாம் பச்சை ஏறிய பிறகுதான், கையும் காலும் தடித்துப்போய்ப் பார்மசிக்கு ஓடுகிறார்கள். அங்கே நுளம்பு அண்டாமல் பூசும் மருந்துகளில் வாசம் நல்லதாக உள்ள ஒன்றை வாங்கி வருகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் வாங்கினேன். பார்க்க வேண்டியது போத்தலின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் அதன் வீதமும். இன்னொன்று, வன்னியில் கடிக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு முன்னால் பூசினால்தான் பயன்.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது படுவதற்கு முந்திய சில மணி நேரமும்தான் அதன் கடி கூட. வெயில் ஏறுமுன் முடிப்போம் என்று நாம் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குள் இறங்குவதும், பின்னேரம் நாலு மணிக்குத் தண்ணீர் கட்டுவதும் அதே நேரம்தான். ஆகவே முதல் பூச்சு காலைத் தேநீரோடு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போதும் அப்படியே.

இனி மருந்துகள். டீட் (DEET) என்ற நுளம்பு விரட்டி 1940களில் அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது; 1957 இல் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. காணி வேலைக்கு 20 முதல் 30 வீதம் போதும். வீதம் கூடினால் நுளம்பு கூடுதலாகப் பயப்படும் என்று நினைக்க வேண்டாம். பூசியது கூடுதல் நேரம் நிற்கும், அவ்வளவுதான். 50 வீதத்துக்கு மேல் அந்த நேரமும் பெரிதாகக் கூடாது. கனடாவில் 30 வீதத்துக்கு மேல் விற்க விடுவதில்லை. இங்கிலாந்தில் 50 வீதம் தாராளமாகக் கிடைக்கும். நான் கொண்டுவந்தது அந்த 50 வீத ஸ்பிரே. டீட் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பூசிய கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ஒரு மாதத்தில் சட்டம் பிசுபிசுத்து நிறம் கரைந்துவிட்டது. கைக்கடிகாரம், கைபேசி உறை, நீட்டி விரியும் உடுப்பு எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துத்தான். பருத்தித் துணிக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது நான் பாவிப்பது 20 வீத இகாரிடின். சில போத்தலில் பிகாரிடின் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. மணம் இல்லை, பிளாஸ்ரிக்கைத் தொடாது, நிற்கும் நேரம் டீட்டுக்குக் கிட்ட. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு போத்தலைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாருங்கள்; கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்புபவர்களுக்குப் பழகிய ஓடோமஸ் என்ற நுளம்புக் களிம்பில் இருப்பது டீட் அல்ல, அதற்கு உறவான டைஎதில் பென்சமைட், 12 வீதம். பின்னேரம் முற்றத்தில் இருக்க அது சரி. வியர்வை வழியப் பத்தை வெட்டுகிறவர் அதை அடிக்கடி பூச வேண்டிவரும்.

எதைப் பூசினாலும் வியர்வையில் அது ஓடிவிடும். போத்தலில் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும், வன்னி வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறவர் அதற்கு முந்தியே மறுபடி பூசட்டும். சன்ஸ்கிறீன் பூசுவதென்றால் அது முதலில், இது பிறகு. உள்ளங்கையில் மிஞ்சியதைக் கழுவாமல் சாப்பிடவோ வெற்றிலை போடவோ கூடாது.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று: பத்தைக் காணியில் நுளம்பைவிடக் காலில் ஏறுகிறவற்றுக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும். வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த காணிகளில் புல்லுக்கும் பற்றைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கும். இங்கே உண்ணிக்காய்ச்சல் என்று சொல்வது இவற்றால் வருவதுதான். கடித்தது நோகாது, சொறியாது. இதற்குத் தோலில் மட்டும் பூசினால் போதாது. நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, கணுக்காலைச் சுற்றித் துணியின் மேலேயே மருந்தை அடிக்க வேண்டும். வெளிநாட்டில் கிடைக்கும் 0.5 வீதப் பெர்மெத்ரின் ஸ்பிரே துணிக்கென்றே உள்ளது. உடுப்புக்கு அடித்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு உடுக்கலாம். தோலில் படவே கூடாது. மீனுக்கும் பூனைக்கும் அது நஞ்சு. அந்த உடுப்பைக் குளத்திலோ வாய்க்காலிலோ தோய்க்காதீர்கள்.

எங்கள் பக்கத்துக் காணி ஐயா முதல் மாதமே சொன்னார்: "தம்பி, பொழுதுபட்டாப் பிறகு புத்துப் பக்கமும் மாட்டுப்பட்டிப் பக்கமும் சாரத்தோட குந்தியிருக்காதையுங்கோ." அவர் சொன்னதில் விடயம் இருக்கிறது. மணல் ஈ அந்த நேரம்தான் வெளியே வரும். புற்று, மண்சுவர் வெடிப்பு, மாட்டுக்கொட்டில் எல்லாம் அது ஒளிந்திருக்கும் இடங்கள். நுளம்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளாலும் வந்துவிடும். லீஷ்மேனியாசிஸ் என்ற, லேசில் ஆறாத புண் இதனால் வருவது, வவுனியாப் பக்கம் கண்டிருக்கிறார்கள். அது பலமாகப் பறக்காது. முற்றத்தில் இருக்கும்போது ஒரு மேசை மின்விசிறியைக் காலுக்கு நேரே சுழலவிட்டால் நுளம்பும் சேர்ந்து விலகும். படுக்கைக்கு மருந்தூட்டிய வலை.

வேப்பிலை, நொச்சிப் புகை மாட்டுக்கும் முற்றத்துக்கும் நல்லது, நானும் போடுகிறேன். ஆனால் புகை இருக்கும் வரைதான். நுளம்புத்திரியைப் பூட்டிய அறைக்குள் கொளுத்தாதீர்கள். சிட்ரனெல்லா எண்ணெய் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதுவும் பூச வேண்டாம், வலைதான். எலுமிச்சை யூகலிப்ரஸ் எண்ணெய் மூன்று வயதுக்குப் பிறகே.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோலைத் தவிர வேறு வலிமாத்திரை போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்கு என்றால் அஸ்பிரின், ஐபுபுரோபன் இரத்தக்கசிவைக் கூட்டும். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ வந்தவர் என்றால் அதைச் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். பத்தை வெட்டியதையும் சொல்லுங்கள். போகுமுன் இடுப்பு, தொடையிடுக்கு, கக்கம், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால், வெட்கப்படாமல் வைத்தியருக்குக் காட்டுங்கள். உண்ணிக்காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் நன்றாகக் கேட்கும், நேரத்துக்குத் தொடங்கினால்.