ரெப்ளிகேஷன் டைம்அவுட் மாற்றங்களை ரிவ்யூ செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் டேட்டாபேஸின் பிரைமரி (மூலம்) கடலூரில், ரெப்ளிகா (அதன் நகல்) மும்பையில். பிரைமரியில் எழுதுவதை ரெப்ளிகாவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் ரெப்ளிகேஷன். 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நெட் விட்டுவிட்டு வந்தது. ரெப்ளிகாவின் இணைப்பு பலமுறை அறுந்தது. அடுத்த வாரமே டைம்அவுட்டை, அதாவது பதில் வராவிட்டால் இணைப்பை அறுக்கும் முன் காத்திருக்கும் நேரத்தை, கூட்டச் சொல்லி ஒரு மாற்றம் ரிவ்யூவுக்கு வந்தது. பழைய வரியில் 60எஸ் (60 வினாடி), புதிய வரியில் 120. இரண்டு மடங்குதானே, சரி என்று அப்ரூவ் செய்துவிட்டேன்.

அந்த 'எஸ்' போனதை நான் பார்க்கவில்லை. நாங்கள் ஓட்டும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இந்த டைம்அவுட்டின் பெயர் வால் சென்டர் டைம்அவுட்; அதற்கு அலகு எழுதாவிட்டால் அது மில்லிவினாடி. ஒரு நிமிடமாக இருந்தது 120 மில்லிவினாடியாகச் சுருங்கிவிட்டது. லைனில் லேசாக நெரிசல் வந்தாலும் இணைப்பு அறும், சேரும், மறுபடி அறும். அதே ஃபைலில் வால் ரிசீவர் ஸ்டேட்டஸ் இன்டர்வலுக்கு (ரெப்ளிகா தன் நிலையைத் தெரிவிக்கும் இடைவெளி) வெறும் 10 என்று போட்டால் 10 வினாடி! பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு வெவ்வேறு அலகு. அலகில்லாத எண் வந்தால் இப்போதெல்லாம் உடனே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் செமிசிங்க்கில் (ரெப்ளிகாவின் பதில் வரும்வரை பிரைமரி கமிட்டுக்குக் காத்திருக்கும் முறை) இதே தவறு சத்தமே இல்லாமல் நடக்கும், அதனால் எனக்கு அதுதான் அதிக பயம். அங்கே டைம்அவுட்டின் இயல்பான மதிப்பு 10000, அதாவது 10 வினாடி. வினாடி என்று நினைத்து 10 போட்டால், 10 மில்லிவினாடிக்குள் ரெப்ளிகாவின் பதில் வராதபோது பிரைமரி காத்திருப்பதை விட்டுவிட்டு அசிங்க்குக்கு (பதிலுக்குக் காத்திருக்காத முறைக்கு) மாறிவிடும். ஆப் வழக்கம்போல ஓடும். அந்த நேரத்தில் பிரைமரி விழுந்தால், கமிட் ஆன தரவு ரெப்ளிகாவில் இல்லாமலே போகலாம்.

0 என்றால் 'காத்திருக்காதே' என்று பொருளல்ல. போஸ்ட்கிரெஸ்ஸில் வால் சென்டர் டைம்அவுட்டே அணைந்துவிடும்.

ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் ஹார்ட்பீட் (அனுப்பத் தரவு இல்லாதபோது பிரைமரி அனுப்பும் 'இருக்கிறேன்' என்ற சைகை) 30 வினாடியில் இருக்க, ரெப்ளிகா நெட் டைம்அவுட்டை (பிரைமரியிடமிருந்து எதுவும் வராவிட்டால் ரெப்ளிகா காத்திருக்கும் நேரம்) மட்டும் 20 ஆகக் குறைத்தால், புதிய தரவு எதுவும் எழுதப்படாத நேரத்தில் நல்ல இணைப்பும் அறுபடும். டைம்அவுட்டை மாற்றினால் ஹார்ட்பீட் தானாக மாறாது, அதையும் தனியாக மாற்ற வேண்டும்.

அப்புறம், 'டெஸ்ட் செய்தாச்சு' என்றால் எங்கே என்று கேளுங்கள். ஒரே லேப்டாப்பில் இரண்டு டேட்டாபேஸையும் ஓட்டிப் பார்த்தால் லைனின் தாமதமே தெரியாது. இரண்டு சர்வருக்கு நடுவே 2 நிமிடம் நெட்டை வெட்டி, மறுபடி கொடுத்து, இரண்டு பக்க லாகையும் ரிவ்யூவில் ஒட்டச் சொல்கிறேன். அது வரும்வரை அப்ரூவ் கிடையாது.